ஒரு பெரிய டேட்டா சென்டருக்குப் பதிலாக நூறு சின்னது வைக்க முடியாதா?

படூர்க்காரன் எழுதியது:

வணக்கம். நான் கணினித் துறை ஆள் இல்லை, பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் படூரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். சிறுசேரி சிப்காட் வண்டியில் போனால் பத்து நிமிடம். அங்கே ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், எல்லாம் டேட்டா சென்டர், ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடுகிற இடம்.

எங்கள் அடுக்ககத்துக்கு லாரித் தண்ணீர்தான். 2019 ஜூனை எங்களால் மறக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிப்போய், அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இந்தச் சாலையில் இருக்கும் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லாரி ஹாரன் கேட்டால் எழுந்து ஓடுவோம், சம்ப்பின் மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். அந்தக் குச்சி இன்னும் எங்கள் மோட்டார் அறையில்தான் சாய்ந்திருக்கிறது.

போன வாரம் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மெகாவாட் மின்சாரம் அங்கிருக்கும் கணினிகளான சர்வருக்குள் போனால் ஒரு மெகாவாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். அதை முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கியே வெளியேற்றினால், ஒரு கிலோ தண்ணீருக்குச் சுமார் 2.4 மெகாஜூல் என்ற கணக்கில், நாளைக்கு 36,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று. 30 மெகாவாட் கட்டடம் ஒன்றுக்கு 90 லாரி! இந்த எண் வந்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இங்கிலாந்தில் வாஷிங் மெஷின் அளவுக்கு ஒரு டேட்டா சென்டர் வைத்து நீச்சல் குளத்தைச் சூடாக்குகிறார்கள் என்று எங்கோ படித்தேன். அப்படியென்றால் ஒரே இடத்தில் மலை மாதிரிக் குவிக்காமல் ஊருக்கு ஒன்றாக, தெருவுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னதாக வைத்துவிட முடியாதா? என்ன தடுக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எனக்குப் பேச வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

சார், வணக்கம். நான் பன்னிரண்டு வருடமாக டேட்டா சென்டர்களில் பராமரிப்புப் பக்கம் இருக்கிறேன், சில்லர் என்கிற குளிர்விக்கும் இயந்திரம், டி.ஜி. என்கிற டீசல் ஜெனரேட்டர், யு.பி.எஸ். எல்லாம் எங்கள் கையில்தான்.

உங்கள் கணக்கில் இயற்பியல் சரி. ஆனால் எல்லாக் கட்டடமும் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பதில்லை. மாடியில் வரிசையாக மின்விசிறி வைத்த பெட்டிகள் தெரிந்தால் அது காற்றால் குளிரும் சில்லர், அதற்குத் தண்ணீர் செலவு ரொம்பக் குறைவு. ஆனால் மே மாதம் வெளியே 40 டிகிரி இருக்கும்போது அதே வேலைக்கு மின்சாரம் கூடுதலாகத் தின்னும். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிற கூலிங் டவர் வைத்த கட்டடம் மின்சாரத்தை மிச்சம் பிடித்துத் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரா மின்சாரமா, ஏதோ ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் கூட்டத்தில் 90 லாரி என்று சொல்லாதீர்கள், அவர்கள் ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு கட்டடமும் எந்த வகையில் குளிர்விக்கிறது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இதை எழுத்தில் கேளுங்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள், ஒவ்வொன்றும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறன். அந்த மாதிரித் தண்ணீர் நம் சாலைக்கும் வரட்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

இப்போது பெரிதா சிறிதா என்ற கேள்வி. மின்சார விஷயத்தில் பெரியது ஜெயிக்கும் சார், அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச முடியும். எங்கள் தொழிலில் பி.யு.இ. என்று ஒரு எண் உண்டு. கட்டடத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, கணினிகளுக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது. 1 வந்தால் ஒரு யூனிட்கூட வீணில்லை என்று அர்த்தம். கூகுள் தன் மையங்களின் சராசரி 1.1-ஐ ஒட்டி இருப்பதாகச் சொல்கிறது, டேட்டா சென்டர்களை ஆராயும் அப்டைம் இன்ஸ்டிடியூட் 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் சராசரி 1.56. நம் ஊரில் ஒரு ஆபீஸ் மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு, இரண்டு ஸ்பிளிட் ஏ.சி. மாட்டி, நாலு சர்வர் வைத்திருப்பார்களே, அதை நான் அளந்து பார்த்த இடங்களில் 2-ஐத் தொட்டிருக்கிறது. அந்த மாதிரி ஆயிரம் அறைகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஒரே பெரிய கட்டடத்துக்குக் கொண்டு வந்தால் மொத்தத்தில் மின்சாரம் மிச்சம்தான். கடந்த பதினைந்து வருடமாக நடந்தது அதுதான்.

ஆனால் பெரியது பெரிதாகிக்கொண்டே போய் ஒரு இடத்தின் மின்கட்டமைப்பையே உலுக்குகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அயர்லாந்தைப் பாருங்கள். 2015-இல் நாட்டின் மின்பயன்பாட்டில் 5 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது, 2023-இல் 21 சதவீதம். அந்த நாட்டு நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம்! உலகம் முழுக்க எடுத்துக்கொண்டால் 2024-இல் சுமார் 1.5 சதவீதம்தான். அதாவது மொத்த அளவைவிட ஒரே இடத்தில் குவிவதுதான் அங்கே பிரச்சினை. இங்கேயும் விசாகப்பட்டினத்துக்கு ஜிகாவாட் அளவில், அதாவது ஆயிரம் மெகாவாட் அளவில் ஒன்று வருவதாகக் கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. சிறுசேரியில் நீங்கள் பார்ப்பவை அதன் பக்கத்தில் குட்டி.

பிரித்து வைக்க முடியுமா என்றால், எந்த வேலை என்பதைப் பொறுத்தது. பெரிய ஏ.ஐ. மாடலைப் பயிற்றுவிக்கிற வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். ஆயிரக்கணக்கான சிப்புகள் நொடிக்கு நொடி ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும், தெருவுக்குத் தெரு சிதறி வைத்தால் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடக்கும். அதற்கென்று வருகிற ரேக், அதாவது சர்வர்களை அடுக்கும் அலமாரி, ஒன்றே 120 கிலோவாட் எடுக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு ரேக் 5 கிலோவாட், 6 கிலோவாட்.

ஆனால் உலகத்தில் நடக்கும் கணினி வேலை எல்லாம் அது இல்லை. நீங்கள் ராத்திரி பார்க்கிற படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2012-இலிருந்தே தன் படங்களைப் போட்ட பெட்டிகளை இணையச் சேவை கொடுக்கும் நிறுவனங்களின் அறைக்குள்ளேயே வைக்கிறது, படம் கடல் கடந்து வருவதில்லை, உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே வருகிறது. அதுவும் சின்ன டேட்டா சென்டர்தான், யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. இன்னொன்று, பக்கத்தில் வைத்தால் வேகம் என்று விற்க வருவார்கள், நம்பாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டர், போய்த் திரும்ப 5 மில்லி நொடி. ஆஸ்பத்திரி பில்லுக்கும் பஞ்சாயத்து ஆவணத்துக்கும் அது ஒரு வித்தியாசமே இல்லை.

டெவன்மழை எழுதியது:

நீங்கள் படித்தது எக்ஸ்மவுத் ஊர்க் குளமாகத்தான் இருக்கும். நான் அந்த ஊர் இருக்கும் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நர்ஸாக இருக்கிறேன், மகளை நீச்சலுக்கு அங்கே அழைத்துப்போகிற வழக்கம் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

2023 மார்ச்சில் இது பெரிய செய்தியாக வந்தது. டீப் கிரீன் என்ற கம்பெனி வாஷிங் மெஷின் அளவுப் பெட்டி ஒன்றை அந்தக் குளத்துக்கு வைத்தது. உள்ளே இருக்கும் கணினிகள் மினரல் ஆயிலில் மூழ்கியிருக்கும், சூடான எண்ணெய் ஒரு வெப்பப் பரிமாற்றி வழியாகப் போய்க் குளத்துத் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். எண்ணெயும் தண்ணீரும் கலப்பதே இல்லை. என் மகள் முதல் நாள் உதட்டில் பட்ட தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு "அம்மா, எண்ணெய் வாசனையே இல்லையே" என்றாள்.

அதனால் பாதி நேரத்துக்கு மேல், 60 சதவீதம் என்று சொன்னார்கள், குளம் 30 டிகிரியில் நிற்கும், கேஸ் செலவில் ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல் மிச்சமாகும் என்றார்கள். எனக்குப் பிடித்தது பண ஏற்பாடுதான். பெட்டி எடுக்கும் மின்சாரத்துக்குக் கம்பெனியே பணம் கொடுக்கும், வெப்பம் குளத்துக்கு இலவசம் என்று ஏற்பாடு. கம்பெனிக்கு அந்தக் கணினி நேரத்தை விற்ற வருமானம், அதோடு குளிர்விக்கிற செலவு கிடையாது. அப்போது கேஸ் விலை ஏறி இந்த நாட்டில் நகராட்சிக் குளங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன, பிள்ளைகள் எங்கே நீச்சல் படிப்பது என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தோம், அதனால் இங்கே இருப்பவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி இல்லை.

ஆனால் படூர் சார், இங்கே வருடம் முழுக்கச் சூடு வேண்டும். ஜூலையில்கூட குளத்தைச் சூடாக்காமல் இறங்க முடியாது. சென்னையில் சூட்டை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

களத்துமேடு எழுதியது:

இரவுப்பணி அண்ணன் சொன்ன கண்ணாடித் தடுப்பு அறையில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு நூற்பாலையில் சிஸ்டம் அட்மின். பெரிய மையத்துக்கு மாற வேண்டாம், நம் தரவு நம் காம்பவுண்டுக்குள் இருக்கட்டும் என்பது முதலாளியின் எண்ணம், எனக்கும் அதே எண்ணம்தான்.

ஒரு ஆடி மாத சனிக்கிழமை சாயங்காலம் காற்றில் ஈ.பி. லைன் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. யு.பி.எஸ். சர்வரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது, டி.ஜி. ஓடி நின்றது, எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் ஸ்பிளிட் ஏ.சி. இரண்டும் கரண்ட் திரும்பி வந்ததும் தானாக ஓட ஆரம்பிக்கிற வகை இல்லை, யாராவது ரிமோட்டை அழுத்த வேண்டும். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை நான் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த காற்று இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது. கதவுக் கைப்பிடியே சுட்டது. ஐந்து ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு போய்விட்டது, ஒன்று போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. பேக்கப் எடுத்த டிஸ்க்கும் அதே ரேக்கில் கீழ்த்தட்டில்தான் இருந்தது, அதுவும் படிக்கவில்லை. மூன்று வருட நூல் லாட் கணக்கு. காகிதத்திலிருந்து திரும்ப ஏற்ற எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது, கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டே உட்கார்ந்து ஏற்றினார், அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்காது.

அதனால் ஊருக்கு ஒன்று என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான். நூறு சின்ன மையத்துக்கு நூறு இரவுக் காவல் வேண்டும். ஒரு பெரிய மையத்தில் ஷிப்டுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

சரி, இப்போது ஒரு சந்தேகம். ஆலையை விட்டுவிட்டுக் காங்கயத்தில் குடும்பத்தோடு தேங்காய்க் களம் பார்க்கிறேன். வெயில் இருந்தால் கொப்பரை தானாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பூஞ்சை வந்துவிடும் என்று கந்தகப் புகை போடுவார்கள், எனக்கு அதில் இஷ்டமே இல்லை. 50, 60 டிகிரி காற்று கிடைத்தால் போதும். எக்ஸ்மவுத் பெட்டி மாதிரி ஒன்றைக் களத்தில் வைத்தால் கொப்பரை காயுமா? கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன திங்கட்கிழமைக் காலை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒன்று இருக்கும். அதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டுக் கொப்பரைக்கு வருகிறேன். ஆளே இல்லாமல் பெட்டி ஓடாது என்று முடிவு கட்ட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2018-இல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் பக்கம் 864 சர்வர்களை ஒரு உருளைக்குள் அடைத்துக் கடலடியில் இறக்கியது. உள்ளே நைட்ரஜன், ஆள் போக வழியே இல்லை. 2020-இல் தூக்கிப் பார்த்தபோது, தரையில் ஒப்பிடுவதற்காக ஓடவிட்ட சர்வர்களின் பழுது விகிதத்தில் எட்டில் ஒரு பங்குதான் அதில் இருந்தது. ஈரம், ஆக்சிஜன், மனிதர் கை பட்டு அசைவது இவை மூன்றும் இல்லாததுதான் காரணமாக இருக்கும் என்றார்கள். அந்தத் திட்டத்தை அவர்கள் தொடரவில்லை, ஆனால் பாடம் நிற்கிறது. நன்றாக மூடிய, எண்ணெயில் மூழ்கிய பெட்டி உங்கள் கண்ணாடி அறையைவிட நம்பகமானது. அதில் ஏ.சி.யே கிடையாது, ரிமோட்டும் கிடையாது. ஒன்று பழுதானால் அந்த வேலை வேறு ஊர்ப் பெட்டிக்குப் போய்விடும்படி அமைக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்தால் பெட்டி எவ்வளவு நல்லதானாலும் நூல் லாட் கதைதான்.

கொப்பரை. ஒரு டன் காய்ந்த கொப்பரைக்குச் சுமார் 900 கிலோ தண்ணீரை ஓட்ட வேண்டும். படூர் சார் சொன்ன அதே 2.4 மெகாஜூலில் 600 யூனிட் வெப்பம், உலர்த்தியில் பாதி வீணாகும் என்று வைத்தால் 1,200 யூனிட். 50 கிலோவாட் பெட்டி ஒரு நாளில் கொடுக்கிற வெப்பமும் அதேதான். ஆக நாளைக்கு ஒரு டன் காயும், அளவு பொருந்துகிறது. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. எண்ணெயை 50 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் சிப்புக்குக் கஷ்டம், உங்களுக்கு 60 வேண்டும், அதனால் கடைசிக் கட்டத்துக்கு மட்டை நெருப்போ வேறு ஏதோ வேண்டும். அதைச் சமாளிக்கலாம். இரண்டாவது கஷ்டமானது. உங்களுக்குச் சூடு வேண்டியது மூன்று மாதம், பெட்டியோ வருடம் 365 நாளும் சூடு கக்கும். சித்திரை வெயிலில் அதை எங்கே கொட்டுவீர்கள்? அப்போது குளிர்விக்கத் தனி ஏற்பாடு செய்தால் எக்ஸ்மவுத் கணக்கே உடைந்துபோகும்.

அதனால் நம் ஊரில் தேட வேண்டியது தினமும் வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டிய இடத்தை. திருப்பூர் சாயப்பட்டறை பாய்லருக்குள் போகும் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50-க்கு முன்கூட்டியே ஏற்றிக் கொடுத்தால் அந்த அளவுக்கு விறகு மிச்சம். ஊட்டி, கொடைக்கானல் ஹோட்டல்கள், மருத்துவமனைச் சலவை, மாணவர் விடுதி, பால் பதப்படுத்தும் இடம். 5 கிலோவாட் பெட்டி ஒன்றே நாளைக்கு 4,500 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும்.

இதையும் சொல்லியாக வேண்டும். 50 கிலோவாட் இடைவிடாமல் ஓடினால் மாதம் 36,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 3 லட்சம் பில் வரும். அந்தக் கணினி நேரத்தை வாங்க ஆள் இல்லாமல் பெட்டியை வைத்தால் அது விலை கூடிய வெந்நீர் அடுப்பு, அவ்வளவுதான். முதலில் வேலை வேண்டும், அப்புறம் பெட்டி. கணினியில் அனிமேஷன் படம் உருவாக்குவது, மருந்து ஆராய்ச்சிக் கணக்கு, இரவில் முடித்தால் போதும் என்கிற வேலைகள் இதற்குப் பொருந்தும்.

படூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 90 லாரியை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக மூன்று வரி எழுதிக்கொண்டேன்: எந்த வகைக் குளிர்விப்பு, எங்கிருந்து தண்ணீர், சுத்திகரித்த கழிவுநீர் எப்போது. டெவன் அம்மா, உங்கள் மகள் தண்ணீரை நக்கிப் பார்த்ததை என் பத்தாம் வகுப்பில் வெப்பப் பரிமாற்றம் நடத்தும்போது சொல்லப் போகிறேன்.

இரவுப்பணி தம்பி, ஒன்று மட்டும். பெரிய கட்டடத்தைப் பிரிப்பது கஷ்டம் என்று புரிந்தது. ஆனால் நம் மாநிலத்தின் பள்ளி, பஞ்சாயத்து, ஆஸ்பத்திரி வேலைகளும் அங்கேதான் போய்க் குவிய வேண்டும் என்று இல்லையே? அதையும் நாலாவது வரியாகச் சேர்க்கட்டுமா?

இரவுப்பணி எழுதியது:

சேருங்கள் சார். ஆனால் பழைய கண்ணாடி அறைக்குத் திரும்பச் சொல்வதாகப் புரிந்துகொள்ளப் போகிறார்கள். மாவட்டத்துக்கு ஒன்று, ஆளும் பேக்கப்பும் உள்ளது, இன்னொரு மாவட்டத்தில் அதன் பிரதி என்று தெளிவாக எழுதுங்கள்.

களத்துமேடு எழுதியது:

அண்ணா, கொப்பரை ஆகாது என்றதும் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் மூன்று மாதம், பன்னிரண்டு மாதம் என்று நீங்கள் பிரித்தது மண்டையில் ஏறிவிட்டது. எங்கள் களத்திலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு பால் குளிர்விப்பு நிலையம் இருக்கிறது. காலையும் மாலையும் கேன் கழுவ வெந்நீர், வருடம் முழுக்க, விறகு போட்டுத்தான் காய்ச்சுகிறார்கள். நாளைக்குக் காலை பால் வண்டி வரும் நேரத்துக்குப் போய், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி, விறகுக்கு மாதம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வந்து இங்கேயே எழுதுகிறேன்.